சிவப்பது ஓரிடம், சிக்கல் வேறிடம்

ஒருவர் ஓடி முடித்து வந்து நிற்கிறார். நெற்றியிலிருந்து தாடை வரை நடுவே கோடு கிழித்தாற்போல முகத்தின் ஒரு பாதி செக்கச்செவேலென்று வியர்த்து வழிகிறது. மறு பாதி வெளுத்துக் காய்ந்து கிடக்கிறது. எந்தப் பாதியில் கோளாறு? பார்க்கிற எவரும் சிவந்த பாதியைத்தான் காட்டுவார்கள். ஆனால் அதுதான் நல்ல பாதி. ஓடினால் உடம்பு சூடாகும். சூட்டை வெளியேற்ற முகம் சிவக்க வேண்டும், வியர்க்க வேண்டும். அந்தப் பாதி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. வெளுத்த பக்கத்துக்குப் போகும் நரம்பில்தான் சிக்கல். மார்புத் தண்டுவடத்தின் மேற்பகுதியில் கிளம்பி, கழுத்து வழியாக முகத்துக்கு ஏறும் அந்த நரம்பு வழியில் எங்கோ பழுதாகியிருக்கிறது. 1988இல் ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் இதற்கு ஹார்லெக்வின் சிண்ட்ரோம் என்று பெயர் வைத்தார்கள்.

எனக்கு இருப்பது அதுவல்ல, ஸ்மால் ஃபைபர் நியூரோபதி. வலியையும் சூட்டையும் உணர்கிற, வியர்வையையும் தோலின் ரத்தக்குழாய்களையும் பார்த்துக்கொள்கிற மெல்லிய நரம்பிழைகள் பழுதாகும் நோய். சாயங்காலமானால் பாதம் சிவந்து எரியும். பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், தண்டுவடக் காயம், சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு என்று வெவ்வேறு கோளாறு உள்ளவர்களோடு பேசிப் பார்த்ததில், தோல் சிவப்பது ஏறக்குறைய எல்லாருக்கும் பொதுவான புகாராக இருந்தது. காரணம்தான் ஆளுக்கு ஆள் வேறு. அதைத் தேடுகிறேன் பேர்வழி என்று நாம் எல்லாரும் சிவந்த இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பாதி நேரம் விடை அங்கே இருப்பதில்லை. நான் மருத்துவர் இல்லை. நோயாளியாக இருந்து படித்ததும் கேட்டதும் பார்த்ததும்தான் இங்கே எழுதுவது.

முதலில் தோல் எப்படிச் சிவக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். 1851இல் பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் கிளோட் பெர்னார் ஒரு முயலின் கழுத்தில் ஒரு பக்கத்து சிம்பதெடிக் நரம்பை, அதாவது நம் கட்டளை இல்லாமலே இயங்கும் தன்னியக்க நரம்புகளில் ஒன்றை, வெட்டினார். அந்தப் பக்கத்துக் காது சிவந்து சூடானது. நரம்பை வெட்டினால் அந்த உறுப்பு சில்லிட்டுப் போகும் என்று எதிர்பார்க்கும் மனசுக்கு இது அதிர்ச்சிதான். விஷயம் என்னவென்றால், தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி வைத்திருப்பதே அந்த நரம்பின் அன்றாட வேலை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி உருள்வது போல, நரம்பு ஓய்ந்தால் குழாய் விரிகிறது, ரத்தம் பாய்கிறது, தோல் சிவக்கிறது. சாதாரண வெப்பநிலையில் நிமிடத்துக்குக் கால் முதல் அரை லிட்டர் ரத்தம் போகிற நம் தோலில், கடும் வெப்பத்தில் 6 முதல் 8 லிட்டர் வரை பாயும். அவ்வளவு பெரிய வாய்க்காலின் மதகு இந்த நரம்புகளின் கையில் இருக்கிறது.

சிவப்பதற்கு இன்னொரு வழியும் உண்டு. அதற்குச் சோதனைக்கூடமே வேண்டாம். பேனா மூடியின் முனையால் முன்கையில் ஒரு கோடு சற்று அழுத்தி இழுத்துப் பாருங்கள். சில நொடிகளில் இழுத்த இடத்தில் மட்டும் சிவப்புக் கோடு வரும். அரை நிமிடம் போல ஆனதும், தொடாத இடத்துக்கும் அந்தச் சிவப்பு இரண்டு பக்கமும் ஒழுங்கற்ற விளிம்போடு பரவும். தோல் கூருணர்வு உள்ளதாக இருந்தால் சில நிமிடங்களில் கோடே தடித்துக்கொள்ளும். 1927இல் இந்த மூன்று படிகளையும் பிரித்து விளக்கியவர் தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். நடுப்படியைத்தான் கவனிக்க வேண்டும். தொடாத இடம் ஏன் சிவக்கிறது? வலியை உணரும் மெல்லிய நரம்பிழை செய்தியை மேலே அனுப்புவதோடு நிற்காமல், தன் பக்கத்துக் கிளைகளிலும் அந்தத் துடிப்பைத் திருப்பி விடுகிறது. கிளைகளின் நுனியிலிருந்து சிஜிஆர்பி, சப்ஸ்டன்ஸ் பி போன்ற பொருட்கள் கசிகின்றன. அவை ரத்தக்குழாயை விரிக்கின்றன. மூளைக்கு இதில் பங்கே கிடையாது.

ஆக, வலி நரம்பு என்று நாம் நினைப்பது வெறும் தூதன் இல்லை. அதற்குத் தோலைச் சிவக்க வைக்கவும் தெரியும். அந்த நரம்பிழை செத்துப்போன இடத்தில் அந்தப் பரவும் சிவப்பு வராது. தொழுநோய்த் தேமலில், தோலைச் சிவக்க வைக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளைத் துளியிட்டு ஊசியால் குத்தினால் சுற்றிலும் சிவப்பு பரவாமல் இருப்பது பழைய பரிசோதனைகளில் ஒன்று. ரைலி-டே நோய் என்ற பரம்பரைத் தன்னியக்க நரம்புக் கோளாறிலும் அப்படியே. சிவக்காமல் இருப்பதும் ஓர் அறிகுறிதான் என்பதை நாம் யோசிப்பதே இல்லை.

சிவக்கும் இந்த இரண்டு வழிகளும் தெரிந்தால் என் பாதத்தைப் புரிந்துகொள்ளலாம். மாலையில் காலணியைக் கழற்றும்போது, கணுக்கால் வரை இறுக்கமான சாக்ஸ் போட்டுக் கழற்றியது போல ஒரு நிற எல்லை தெரியும். அதற்குக் கீழே தோல் சிவந்து பளபளக்கும். புறங்கையை வைத்தால் சூடு கையிலேயே தெரியும். போர்வைக்குள் போனால் இன்னும் மோசம். குளிர்ந்த தரையில் வைத்தால் சுகம். இந்த நிலைக்கு எரித்ரோமெலால்ஜியா என்று பெயர். 1878இல் இப்பெயரை வைத்தவர் சைலஸ் வெய்ர் மிட்செல் என்ற அமெரிக்க மருத்துவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பில் குண்டடி பட்ட சிப்பாய்களின் எரிச்சல் வலியை விரிவாக எழுதி வைத்தவரும் அவர்தான்.

இந்நோயின் ஒரு பரம்பரை வகைக்குக் காரணம் 2004இல் தெரிந்தது. வலி நரம்புகளில் இருக்கும் என்ஏவி 1.7 என்ற சோடியம் வாயில் (சோடியத்தை நரம்புக்குள் விடும் நுண்ணிய திறப்பு), திறக்க வேண்டியதற்கு முன்பே திறந்துகொள்கிறது. லேசான கதகதப்பே நரம்புக்குத் தீயாகத் தெரிகிறது. இரண்டு வருடம் கழித்து, அதே வாயில் பிறவியிலேயே வேலை செய்யாத சிலரை பாகிஸ்தானில் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்கு வலி என்றால் என்னவென்றே தெரியாது. ஒரே மரபணுவில் ஒரு பக்கம் திரும்பினால் ஓயாத எரிச்சல், மறுபக்கம் திரும்பினால் வலியே இல்லை.

என்னைப் போன்ற பலருக்கு மரபணு காரணமில்லை. நரம்பிழைகள் பழுதாகும்போது, சுருக்கி வைக்கும் இழை ஓய்ந்துபோகிறது, மிஞ்சியிருக்கும் வலி இழை காரணமில்லாமல் துடிக்கிறது. இரண்டுமே சிவப்பில்தான் போய் முடிகிறது. ஆனால் இங்கேயும் ஒரு திருப்பம் உண்டு. கால் சிவந்து எரிகிறது என்று போனால் விவரம் தெரிந்த மருத்துவர் முதலில் எழுதுவது நரம்புப் பரிசோதனை அல்ல, சாதாரண ரத்த அணுக்கள் எண்ணிக்கை. ரத்தத்தில் பிளேட்லெட்டோ சிவப்பணுக்களோ அளவுமீறிப் பெருகும் நோய்களிலும் இதே சிவப்பு, இதே எரிச்சல் வரும். எலும்பு மஜ்ஜையில் நடக்கிற கோளாறு பாதத்தில் வந்து தெரிகிறது. அந்த வகைக்கு ஆஸ்பிரின் பெரும்பாலும் சட்டென்று கேட்கும். அதைப் பார்த்துவிட்டு எல்லாரும் ஆஸ்பிரின் வாங்கிப் போடக் கூடாது. ரத்தப் பரிசோதனை அதற்குத்தான்.

அப்புறம் ஒன்று, எரிகிற காலை ஐஸ் தண்ணீரில் முக்கி வைப்பது. அந்த நிமிடத்துக்கு அது சொர்க்கமாக இருக்கும் என்பதை நானே சொல்கிறேன். மணிக்கணக்கில், நாள்கணக்கில் அப்படியே செய்தவர்களுக்குத் தோல் ஊறி வெந்து, புண்ணாகி, அழுகிப்போனது மருத்துவப் பதிவுகளில் உண்டு. மரத்துப்போன கால் என்றால் இன்னும் ஆபத்து. குளிர் தோலைக் கெடுப்பதே தெரியாது. மின்விசிறிக் காற்று, ஈரத் துணி, காலைச் சற்று உயர்த்தி வைப்பது, இதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வெயில் நாளில் எனக்கு முகமும் சிவக்கும். வெகுநாள் அதைக் காலோடு சேர்த்து நான் யோசித்ததே இல்லை. கால்களில் வியர்வை நரம்புகள் பழுதானவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே தோல் காய்ந்து கிடக்கும். உடம்புக்கோ மொத்தச் சூட்டையும் எங்காவது வெளியேற்றியாக வேண்டும். மிச்சமிருக்கிற இடம் முகம், கழுத்து, மார்பு. அங்கே ரத்தம் அதிகமாகப் பாய்கிறது, வியர்வை கொட்டுகிறது. ‘எனக்கு அளவுக்கு மீறி வியர்க்கிறது, முகம் சிவந்துவிடுகிறது’ என்று வருகிற சர்க்கரை நோயாளிக்குச் சில சமயம் உண்மையில் இருப்பது காலில் வியர்க்காத கோளாறு. முகம் பாவம், இரட்டை வேலை பார்க்கிறது. வியர்வையை நிறுத்த மாத்திரை கொடுத்துவிட்டால் இருக்கிற ஒரே வழியையும் அடைத்த மாதிரி ஆகிவிடும்.

இதெல்லாம் தொந்தரவு. இனிச் சொல்லப்போவது உயிர்ப் பிரச்சினை; நிதானமாகப் படியுங்கள்.

என் நண்பர் ஒருவருக்குக் கழுத்தில் தண்டுவடக் காயம். சக்கர நாற்காலி, யூரின் டியூப். நாங்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி உள்ளே வந்தவர் நின்றுவிட்டார். “என்னங்க, முகம் ஏன் இப்படிச் செவந்திருக்கு? தலை வலிக்குதா?” நண்பர் தலையசைப்பதற்குள் மனைவி அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, இடுப்பு வாரைத் தளர்த்தி, டியூப்பை மேலிருந்து கீழே கையால் தடவிக்கொண்டே போனார். தொடைக்கும் நாற்காலிக்கும் நடுவே டியூப் மடங்கிக் கிடந்தது. எடுத்து நேராக்கினார். பைக்குள் சிறுநீர் சரசரவென்று இறங்கியது. எனக்கு அங்கே என்ன நடந்தது என்றே புரியவில்லை. நெற்றியில் முத்து முத்தாக வியர்த்திருந்த மனிதரின் முகம் மெல்லப் பழைய நிறத்துக்கு வந்தது. “ப்ரஷர் எகிறிடும் தம்பி, ஸ்ட்ரோக்கே வரும்” என்றார் அவர் மனைவி, பிரஷர் கருவியின் பட்டையைக் கணவர் கையில் சுற்றிக்கொண்டே.

ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்பது இதுதான். தண்டுவடத்தில் டி6 (மார்புப் பகுதியின் ஆறாவது) மட்டத்திலோ அதற்கு மேலோ காயம்பட்டவர்களுக்கு வரும். சிறுநீர்ப்பை நிரம்பி வழி தெரியாமல் திணறுகிறது. அந்தச் செய்தி தண்டுவடத்தில் ஏறி, காயத்தோடு நின்றுவிடுகிறது. அவருக்கு வலி தெரியாது. ஆனால் காயத்துக்குக் கீழே உள்ள நரம்புகள் மூளையின் கட்டுப்பாடு இல்லாமல் தாமாகவே பதறி, வயிற்றிலும் காலிலும் உள்ள ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடிக்கின்றன. ரத்த அழுத்தம் மளமளவென்று ஏறுகிறது. கழுத்தில் இருக்கும் அழுத்த உணரிகள் அதை மூளைக்குச் சொல்கின்றன. மூளை ‘குழாய்களை விரி’ என்று கட்டளை போடுகிறது. அந்தக் கட்டளை காயத்தைத் தாண்டிக் கீழே போகாது. மேலே மட்டும் போகும். ஆகவே முகமும் கழுத்தும் சிவந்து வியர்க்கின்றன. கீழே தோல் வெளுத்துச் சில்லென்று கிடக்கிறது. இதயத் துடிப்பும் பல சமயம் குறைந்துபோகும். முகத்துச் சிவப்பு, உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எடுக்கும் முயற்சி. காரணம் இடுப்புக்குக் கீழே.

செய்ய வேண்டியது: உடனே நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், கால்களைத் தொங்கவிட வேண்டும். படுக்க வைக்கவே கூடாது. இறுக்கமான துணி, வார், காலணி எல்லாவற்றையும் தளர்த்த வேண்டும். டியூப் மடிந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் மலச்சிக்கல். அதற்கும் அடுத்து, அழுத்தப் புண், நகம் சதையில் குத்தியிருப்பது, மடிப்பு விழுந்த துணி. சில நிமிடங்களுக்கு ஒரு முறை ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். காரணம் கிடைக்கவில்லை, அழுத்தமும் இறங்கவில்லை என்றால் அவசர சிகிச்சைப் பிரிவுதான். இன்னொரு நுணுக்கம்: கழுத்தில் காயம்பட்டவர்களுக்கு வழக்கமான மேல் அளவே 90 முதல் 110தான் இருக்கும். அவர்களுக்கு 140 என்பது ஏறிய அழுத்தம். விவரம் தெரியாத இடத்தில் ‘140தானே’ என்று அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் பலர் இந்த நிலையை விளக்கும் அட்டை ஒன்றைப் பையிலேயே வைத்திருக்கிறார்கள்.

நடந்து போகிற ஆளுக்கு வரும் ஆபத்தான சிவப்பு சார்கோ பாதம். சர்க்கரையால் கால் மரத்துப்போனவருக்கு ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, சூடாக இருக்கும். வலி இருக்காது, இருந்தாலும் அந்தக் கோலத்துக்குப் பொருந்தாத அளவு சிறியதாக இருக்கும். பார்த்தவுடன் கிருமித்தொற்று என்று தோன்றும்; ஆன்டிபயாட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவதும் நடக்கிறது. உள்ளே எலும்புகளும் மூட்டுகளும் நொறுங்கிக்கொண்டிருக்கும். வலி தெரியாததால் ஆள் அதன் மேலேயே நடந்துகொண்டிருப்பார். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம், எம்ஆர்ஐயில்தான் தெரியும். காலைச் சிறிது நேரம் உயர்த்தி வைத்தால் இந்தச் சிவப்பு மங்கும், தொற்றின் சிவப்பு மங்காது என்று ஒரு சிறிய வழி சொல்வார்கள். அதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். இரண்டு பாதத்துக்கும் வெப்பத்தில் 2 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்து, காலும் மரத்துப்போயிருந்தால், அதன் மேல் எடையை ஊன்றாமல் அன்றைக்கே காட்டிவிட வேண்டும்.

காயத்துக்குப் பிறகு கை கால் ஒன்று மட்டும் சிவந்து, வீங்கி, தொட்டாலே தாங்காத வலி வருவது இன்னொன்று. சிஆர்பிஎஸ் என்பார்கள். ஆரம்பத்தில் சூடாகவும் சிவப்பாகவும் இருந்து, மாதங்கள் போகப் போக சில்லென்று நீலம் பாரிக்கும். எழுந்து நின்றதும் கால்கள் கருஞ்சிவப்பாக, ஊதாவாக மாறுவதை, எழுந்து நின்றாலே இதயம் படபடக்கும் பாட்ஸ் என்ற தன்னியக்க நரம்புக் கோளாறு உள்ளவர்களிடம் பார்க்கலாம். அதில் கூடவே, நின்ற 10 நிமிடத்துக்குள் இதயத் துடிப்பு இருந்ததைவிட நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடும். அந்தக் கால் சூடாக இருக்காது, குளிர்ந்தே இருக்கும். ரத்தம் தேங்குவதன் நிறம் அது. பாய்வதன் நிறம் வேறு.

லூசியா ஃப்ரேயைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. போலந்தைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர், அத்துறையின் ஆரம்பகாலப் பெண் மருத்துவர்களில் ஒருவர். காதுக்குக் கீழே குண்டடி பட்ட ஒரு சிப்பாய்க்குச் சாப்பிடும்போதெல்லாம் கன்னம் சிவந்து வியர்ப்பதைப் பார்த்து, 1923இல் காரணத்தோடு எழுதினார். காதோரம் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகும் நரம்பு அறுபட்டு மறுபடி வளரும்போது வழி தவறி, தோலின் வியர்வைச் சுரப்பியிலும் ரத்தக்குழாயிலும் போய்ச் சேர்ந்துகொள்கிறது. நாக்கில் சுவை பட்டதும் வாய் ஊறுவதற்குப் பதிலாகக் கன்னம் ஊறுகிறது. யூதர் என்பதால் நாஜிகள் அவரை ல்வூஃப் நகரத்துக் கெட்டோவில் அடைத்தார்கள், 1942இல் மாண்டுபோனார். இன்றைக்கு அந்தச் சுரப்பியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத்தான் ஃப்ரே சிண்ட்ரோம் அதிகம் வருகிறது. ஆயுதப் பிரசவத்தில் பிறந்த சில குழந்தைகளுக்கும், திட உணவு தொடங்கும் பருவத்தில் கன்னத்தில் ஒரு பட்டை சிவக்கும். பெற்றோர் உணவு ஒவ்வாமை என்று பயந்து ஒவ்வொரு உணவாக நிறுத்துவார்கள். நிறுத்தத் தேவையே இல்லை. பெரும்பாலும் வயது ஏற ஏறக் குறைந்துவிடும்.

நரம்புக் கோளாறு இருப்பதாலேயே எல்லாச் சிவப்பையும் நரம்பின் தலையில் கட்டிவிடவும் கூடாது. நமக்கும் மாதவிடாய் நிற்கும், தைராய்டு கெடும், முகம் சிவக்கும் தோல் நோயான ரோசேசியா வரும். மருத்துவர்கள் கேட்கும் ஒரு கேள்வி எனக்குப் பிடிக்கும்: சிவக்கும்போது வியர்க்கிறதா, காய்ந்திருக்கிறதா? வியர்வைச் சுரப்பிக்கு நரம்புதான் எஜமான். ஆகவே சிவப்போடு வியர்வையும் சேர்ந்து வந்தால் நரம்பு வழியாக வந்த சிவப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். வியர்க்காமல் வெறுமனே சிவந்தால், ரத்தத்தில் சுற்றும் ஏதோ ஒரு பொருள் குழாயை நேரடியாக விரிக்கிறதோ என்று யோசிப்பார்கள். ஹார்மோன் போன்ற பொருட்களைச் சுரக்கும் கார்சினாய்டு கட்டி அப்படித்தான் செய்யும். கூடவே வயிற்றுப்போக்கும் மூச்சிழுப்பும் இருக்கலாம், 24 மணி நேரச் சிறுநீரைச் சோதித்துப் பார்ப்பார்கள். ஒவ்வாமையில் பங்குபெறும் மாஸ்ட் செல்களின் நோய்களில் ரத்தத்தில் டிரிப்டேஸ் அளவு ஏறும். அரிய நோய்கள்தான். ஆனால் ‘அது உங்க நரம்பு வியாதிதான்’ என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்ட ஒருவருக்குத்தான் இவை தாமதமாகத் தெரியவரும்.

ஒரு சங்கடம் இருக்கிறது. நான் சிவப்பு சிவப்பு என்று எழுதிக்கொண்டே போகிறேன், மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. கறுத்தது போலவோ ஊதா போலவோ தெரியும், சில சமயம் எதுவுமே தெரியாது. மருத்துவப் படங்களில் காட்டுவதெல்லாம் வெள்ளைத் தோல். ஆகவே நிறத்தை விடுத்து, புறங்கையால் சூட்டைப் பாருங்கள், மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. பகல் வெளிச்சத்தில் இரண்டு காலும் ஒரே படத்தில் வருமாறு எடுத்து வைப்பது என் வழக்கம். மருத்துவரிடம் போகும்போது சிவப்பு இருக்காது, அது ஒரு விதி மாதிரி. படம்தான் சாட்சி.

கடைசியாக மாத்திரைகள். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டுமோ என்னவோ, ஏனென்றால் நம்மைப் போன்றவர்களின் சிவப்புக்கு மருந்துகள் சொந்தமாகவே ஒரு பட்டியல் போடும். மல்டிபிள் ஸ்க்ளிரோசிசுக்குக் கொடுக்கும் டைமெதில் ஃப்யூமரேட் பத்தில் மூன்று நான்கு பேருக்கு முகத்தையும் மார்பையும் சிவக்க வைக்கும். தொடங்கிய முதல் மாதம் மோசமாக இருக்கும், பிறகு தணியும். சாப்பாட்டோடு போட்டால் குறையும். அதே நோய்க்கான கிளாடிராமர் ஊசி போட்ட சில நிமிடங்களில் சிலருக்கு முகம் சிவந்து, நெஞ்சு இறுகி, படபடக்கும். பெரும்பாலும் அரைமணிக்குள் அடங்கும். மாரடைப்பு என்று அலறாமலிருக்க முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது. அதற்காக, மூச்சுத் திணறலோ உதட்டு வீக்கமோ வந்தாலும் பக்கவிளைவு என்று சும்மா இருந்துவிடக் கூடாது. அது ஒவ்வாமை, உடனே போக வேண்டும். நரம்பு அழற்சி திடீரென்று கூடும்போது டிரிப்சில் ஏற்றும் ஸ்டீராய்டு மறுநாள் கன்னத்தைச் சிவக்க வைக்கும். நியூரோபதி வலிக்கான டுலோக்செடின், ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், இரண்டாலும் முகம் சிவக்கும். மிளகாய்க் காரத்தின் சாரமான கேப்சைசின் களிம்பு தடவிய இடம் சிவக்கத்தான் செய்யும். அந்தச் சிவப்பு முன்னே சொன்ன வலி நரம்பின் கைவேலை. தடவிவிட்டு வெந்நீரில் குளித்தால் பட்டவருக்குத்தான் தெரியும் அந்த எரிச்சல். பார்க்கின்சனுக்கான அமன்டடின் சிலருக்குக் கால்களில் வலை பின்னினாற்போல ஊதாக் கோடுகளை வரவழைக்கும். பார்க்கப் பயமாக இருக்குமே தவிர, பொதுவாகக் கெடுதல் இல்லை. ஆனாலும் காட்டிவிட வேண்டும். எதையும் நாமாக நிறுத்தக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இந்த வரிசையில் எனக்குப் பெரிய எரிச்சல் நியாசின் மேல். எனக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்கு நெடுநாள் சர்க்கரை, பாதத்தில் நியூரோபதி. ஒருநாள் போனில் குரலே சரியில்லை. “தம்பி, காலோட இருந்தது இப்போ முகத்துக்கும் ஏறிடுச்சுப்பா. மொகம், கழுத்தெல்லாம் செவந்து முள்ளு முள்ளா குத்துது. மூளைக்குப் போயிடுமா?” நரம்பு நோய் கழுத்துக்கு மேலே ஏறிவிட்டது என்று அவர் இரவெல்லாம் தூங்கவில்லை. எப்போது வருகிறது என்று கேட்டேன். காலையில் சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரத்தில் வரும், ஒரு மணி நேரத்தில் போய்விடும் என்றார். தினமும் அதே நேரத்தில் வந்து அதே நேரத்தில் போகிற நரம்பு நோய் எனக்குத் தெரிந்து கிடையாது. “புதுசா ஏதாவது மாத்திரை சேர்த்தீங்களாக்கா?” சத்து மாத்திரை மட்டும்தான், நரம்புக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள், அதெல்லாம் மருந்தா என்ன என்றார். அட்டையைத் திருப்பிப் படிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தார்: பி1, பி6, பி12, நிகோடினிக் அமிலம் 100 மில்லிகிராம்.

வைட்டமின் பி3 இரண்டு உருவில் வரும். நிகோடினமைடு சிவக்க வைக்காது. நிகோடினிக் அமிலம் 30, 50 மில்லிகிராமிலேயே பலருக்கு வேலையைக் காட்டிவிடும். தோலில் உள்ள செல்களின் ஏற்பி (பொருள் வந்து ஒட்டும் இடம்) ஒன்றைப் பிடித்து, அவற்றிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் டி2 என்ற பொருளை வெளிவிட வைத்து ரத்தக்குழாய்களை விரிக்கும். ஊசி குத்துவது போன்ற உணர்வும் அதனோடேயே வரும். டைமெதில் ஃப்யூமரேட் பிடிப்பதும் இதே ஏற்பியைத்தான். நியூரோபதி உள்ளவருக்கு அந்தக் குத்தல், நோய் முற்றுவது போலவே தோன்றும் என்பதுதான் இதில் கொடுமை. அதே அட்டையில் பி6 எவ்வளவு என்றும் பார்க்கச் சொன்னேன். அதை அதிக அளவில் தொடர்ந்து எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். நரம்புக்கு நல்லது என்று விற்கப்படும் மாத்திரைகளிலேயே அது தாராளமாக இருக்கும்.

அவருடைய மருத்துவர் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, பி12 அளவை மட்டும் சோதித்து, குறைவாக இருந்ததால் அதை மட்டும் எழுதிக் கொடுத்தார். மெட்ஃபார்மின் வெகுகாலம் எடுப்பவர்களுக்கு பி12 குறைவது அடிக்கடி நடப்பதுதான். அக்காவின் முகம் அதற்குப் பிறகு சிவக்கவில்லை. பாதத்து எரிச்சல் அப்படியே இருக்கிறது, அதற்கு வைத்தியம் தனியாக ஓடுகிறது.